கேட்டடிக் கஷாயம்

பஸ்ஸைவிட்டு இறங்கின காலோடு, ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று மைக் சொன்னது. கோமதி மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தாள். உள்ளே சிரித்தால் வெளியே தெரியாது. இந்தக் கொரோனாவால் விளைந்த ஒரே புண்ணியம் அதுதான். சங்கரன்கோவிலிலிருந்து புளிமூட்டையாக அடைத்து, ஒருத்தி தும்மினால் அடுத்தவள் கண்ணாடி நனைகிற நெருக்கத்தில் நிற்கவைத்து, வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சாயச் சாயக் கூட்டிக்கொண்டுவந்து, கேட்டில் கொட்டிவிட்டு, இப்போது தள்ளி நிற்க வேண்டுமாம். டீசலை மிச்சம் பிடிக்கப் பாதி பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தின அதே மூளைதான் தரையில் சுண்ணாம்பு வட்டமும் போட்டது. கிருமிக்கு பஸ் பாஸ் கிடையாது, நடந்துதான் காலேஜுக்கு வரும் என்று நினைத்திருப்பார்களாயிருக்கும். "எம்மா, வட்டத்துக்குள்ள நில்லுங்கம்மா, படிச்ச பிள்ளைங்கதான நீங்க?" என்று பி.டி. மாஸ்டர் ஞானதுரை சார் கத்தினார். அவருக்கு ஒரு வழக்கம். பேசும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார், பேசி முடித்ததும் பவ்யமாக மூக்குக்கு ஏற்றிக்கொள்வார். வாயைத் திறக்காத நேரத்தில் எந்தக் கிருமியும் அவரிடமிருந்து தப்பி வெளியே வர முடியாது. போன வருஷம் வரை கபடி டீமுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தவரைக் கொரோனா ஒழிப்பு அலுவலர் ஆக்கிவிட்டார்கள், விசிலைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. வரிசை ஒரு வட்டம் நகர்ந்தது. இன்றைக்கு மட்டும் இது சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்று கோமதி நினைத்தாள்.

இன்றைக்குக் கடைசி பிராக்டிகல். வெளிக் காலேஜிலிருந்து எக்ஸ்டர்னல் வருகிறார். வந்தவர் உட்கார்ந்து பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்றால் அரியர், அரியர் என்றால் சென்னைக் கம்பெனி கொடுத்த வேலை ஆர்டர் குப்பைக்கு. கம்பெனிக்காரன் மெயிலிலேயே சொல்லிவிட்டான், ஒரு பேப்பர் நின்றாலும் வராதே என்று. அப்பா ஓட்டின மினிபஸ் ஊரடங்கில் நின்றது நின்றதுதான், டயரில் எருக்கு முளைத்துவிட்டது. வீட்டில் இப்போது பேச்சே அந்தச் சென்னையைப் பற்றித்தான். அம்மா ஹாஸ்டலுக்கு என்று தனியாக ஒரு தலையணை உறை தைத்துவிட்டாள். ஆகவே இந்த கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். உள்ளே போனால் லேப், லேப் முடிந்தால் சென்னை. நடுவில் இருப்பது நாலு கோமாளித்தனம்தான், சானிடைசர், காய்ச்சல் பார்க்கிற நெற்றித் துப்பாக்கி, கஷாயம், வாயைத் திறந்து காட்டுதல். தினமும் செய்கிற கூத்துதானே, இன்றைக்கு என்ன புதுசாக நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று தன்னையே வைதுகொண்டாள்.

சானிடைசர் ஸ்டாண்டைத் தாளாளர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். இடுப்பு உயரக் கம்பிக்கு ரிப்பன்! நாதஸ்வரம் வைக்காததுதான் குறை. மாஸ்க் போட்டால் போட்டோவில் முகம் தெரியாது என்று ஒழிப்புக் குழு மொத்தமும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நின்றது; அந்தப் படம்தான் காலேஜ் வெப்சைட்டில் முதலில் வருகிறது. கையே படாமல் காலால் மிதிக்கிற ஸ்டாண்ட். ஒரே வாரத்தில் மிதி உடைந்தது. இப்போது வருகிற அத்தனை கையும் ஒரே மூடியை அமுக்குகிறது, மூடியில் ஒட்டியதை மூடி தருகிற தண்ணீராலேயே துடைத்துக்கொண்டு போகிறது. கோமதியும் அமுக்கித் தேய்த்தாள். வாசமே இல்லை. பச்சைத் தண்ணீர். திருட்டுப் பயல்கள், இதிலுமா கலப்படம், நோயிலும் லாபம் பார்க்கிறவன் பிணத்தின் நெற்றிக் காசையும் எடுப்பான். "அப்பா, என்னா நெடிட்டி, மூக்கெல்லாம் எரியுது" என்று பின்னாலிருந்து சுபாஷினி சொன்னாள். சுபாவுக்கு எல்லாமே கூடுதல்தான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டை மாஸ்க் போட்டிருப்பாள், அதற்கும் மேலே துப்பட்டா. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுடைய அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது; சளி பிடித்த ஆள்கூடப் பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அட்டெண்டன்ஸுக்குப் பயந்து தினமும் வருகிறாள், வந்து தினமும் பயப்படுகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்குப் பிடித்துவைப்பது கோமதியின் வேலை. இத்தனை கழுதைகளுக்கு நடுவே மனுஷி என்று கோமதி ஒத்துக்கொண்டது இவள் ஒருத்தியைத்தான். "நெடியாவது ஒண்ணாவது, வெறுந்தண்ணிட்டி அது" என்றாள் கோமதி. சுபா மறுத்துப் பேசவில்லை, யாரிடமும் மறுத்துப் பேசுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது.

எதிர்ப்பக்கம் பையன்கள் வரிசை. பெஞ்சுக்கு ஏழு பேராக உட்கார்ந்து ஒரே போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பரவாயில்லை. பையனும் பெண்ணும் நின்று பேசினால்தான் தொற்று. அதற்குத் தனிப் படிக்கட்டு, தனி வராண்டா, மீறினால் அபராதம். பத்து வருஷமாகக் காலேஜ் எதைச் செய்ய ஆசைப்பட்டுச் செய்ய முடியாமல் தவித்ததோ, அதைச் செய்துகொள்ள ஒரு கிருமி வந்து கைகொடுத்தது. பிரின்சிபால் அதற்குப் பொங்கல் வைத்துப் படைத்திருக்க வேண்டும். கோமதிக்குப் பிடரியில் வலித்தது. காலையில் எழுந்திருக்கும்போதே வலித்தது. ராத்திரி தலையணை உயரம், அவ்வளவுதான், கண் விழித்துப் படித்தால் வலிக்காமல் என்ன செய்யும். ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள். இந்தக் காலேஜில் பாதிப் பேர் பாரசிட்டமால் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்கு வருகிறார்கள், அது ஊரறிந்த விஷயம். காய்ச்சலை மாத்திரையால் அமுக்கி, துப்பாக்கிக்கு நெற்றியைக் காட்டி, உள்ளே போய் இருமுகிற ஜென்மங்கள். ஆனால் அவர்கள் போடுவது காய்ச்சலுக்கு, இவள் போட்டது தலைவலிக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதை இல்லை இது, நிஜமாகவே தலைவலி. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்திருந்தால் மாத்திரையே வேண்டியிருக்காது. அம்மாவும் இப்போதெல்லாம் கழுநீர் மாதிரி ஒரு காப்பி போடுகிறாள், தூளும் இல்லை, மணமும் இல்லை, அப்பாவோ அதையே சொட்டுவிடாமல் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் இருக்கா என்கிறார். வேலை போனால் மனுஷனுக்கு நாக்கும் போய்விடும் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னவள் என்ன ஆனாள் என்று ஜெபக்கனியைக் கேட்டால் தெரியும். போன மாதம் இதே வரிசையில் நின்று, "சார், எனக்குக் காய்ச்ச அடிக்குற மாதிரி இருக்கு" என்று சொன்னாள், அரிச்சந்திரன் பேத்தி. ஞானதுரை சார் பத்தடி பின்னால் தாவினார், அந்த வயதில் அப்படி ஒரு தாவல் தாவுவார் என்று கபடி டீம்கூட எதிர்பார்க்கவில்லை. தாவினவர் மைக்கை எடுத்து அவள் பேர், வகுப்பு, ஊர் எல்லாவற்றையும் வாசித்தார். அவள் பையைக் குச்சியால் தள்ளி கேட்டுக்கு வெளியே போட்டார்கள். அவள் நின்ற இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள், அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போதே. அப்பா வந்து மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். மொபெட்டில் போகிற படம், அவள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். கடைசியில் பார்த்தால் அது டைபாய்டு. டைபாய்டு என்று தெரிந்த பிறகும் கடைக்காரர் அவள் அம்மாவுக்குப் பாலை எட்டி நின்றுதான் ஊற்றினாராம். அவள் விட்ட பிராக்டிகலை யாரும் திரும்ப வைக்கவில்லை. அந்தப் படத்தை கோமதியும் யாருக்கோ அனுப்பியிருந்தாள். எல்லாரும் அனுப்பினார்கள். கோமதி பிடரியைத் தடவிக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டு, யாராவது பார்ப்பார்கள் என்று ஜடையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கினாள்.

செக்யூரிட்டி துப்பாக்கியை நெற்றியில் நீட்டினார். முப்பத்திரண்டு. முன்னால் போனவளுக்கும் முப்பத்திரண்டு, அதற்கு முன்னால் போனவளுக்கும் அதுதான். ஒருநாள் டீ குடிக்கப் போனபோது அதை வெயிலில் பெஞ்சு மேல் வைத்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து அது ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. முப்பத்திரண்டு டிகிரி உடம்பு என்றால் ஆள் செத்து ஐஸில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். பிணங்கள் வரிசையாக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பரீட்சை எழுதப் போகின்றன. "நார்மல், போம்மா" என்றார் செக்யூரிட்டி. கோமதி மூச்சை விட்டாள். அப்போதுதான் இத்தனை நேரம் அதைப் பிடித்துவைத்திருந்தது தெரிந்தது. எதற்காகப் பிடித்தாள்? பழுதான மெஷினுக்கு முன்னால் எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கோமதி அப்படியே விட்டுவிட்டாள்.

மிச்சம் கஷாயம். அண்டாவில் கபசுரக் குடிநீர், அதன் பக்கத்தில் பரமு அக்கா கரண்டியோடு. முதலில் பேப்பர் கப்பில்தான் கொடுத்தார்கள். பேப்பர் கப் சுற்றுச்சூழலுக்குக் கேடு, நம் காலேஜ் பசுமை விருது வாங்கின காலேஜ் என்று பிரின்சிபால் மூக்கைச் சுருக்கினதும் எவர்சில்வர் டம்ளர் வந்தது. டம்ளர் கொஞ்சம், வாய் நிறைய. குடித்தவள் டம்ளரைக் கொடுத்ததும் பரமு அக்கா அதைப் பக்கத்து வாளியில் ஒரு முக்கு முக்கி அடுத்தவளுக்கு ஊற்றுவாள். காலையிலிருந்து அதே வாளி, அதே தண்ணீர். அதுவும் பாதிக் கஷாயமாகிவிட்டது. பிரின்சிபால், தாளாளர், எம்.டெக். படித்த ஒழிப்புக் குழு, ஒருத்தர் கண்ணிலும் அந்த வாளி படவில்லை. நோயை விரட்டும் மருந்தை ஊர் எச்சிலில் கழுவிக் கொடுக்கிற புத்தி வேறு எவனுக்கு வரும்? சில பெண்கள் வாயில் வைத்திருந்து அரளிச் செடியில் துப்பிவிடுகிறார்கள் என்று, குடித்ததும் மாஸ்க் இல்லாமல் ஞானதுரை சார் முன்னால் வாயைப் பிளந்து 'ஆ' காட்ட வேண்டும். அவரும் குனிந்து ஒவ்வொரு வாயையும் பார்ப்பார், மாடு வாங்க வந்த வியாபாரி மாதிரி. கோமதி டம்ளரை வாங்கி, வழக்கம்போலக் கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கில் விழுங்கினாள்.

வெந்நீர். வெறும் வெந்நீர். இதிலுமா, என்றது மனசு உடனே, சானிடைசரில் தண்ணீர் ஊற்றின பயல்கள் கஷாயத்தையும் விட்டுவைக்கவில்லையா. சந்தோஷமாகக்கூட இருந்தது, திட்டுவதற்கு இன்னொன்று கிடைத்ததே என்று. கண்ணைத் திறந்தாள். முன்னால் குடித்துவிட்டுப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முகம் கோணி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியா வச்சிட்டேன் தாயி, நிலவேம்பு கூடிப்போச்சு" என்றாள் பரமு அக்கா. கோமதி நாக்கால் அண்ணத்தைத் துழாவினாள். பல்லிடுக்கில் துழாவினாள். ஒன்றுமில்லை. கல்லை நக்கினால்கூட ஒரு கல் ருசி இருக்கும். சித்தப்பாவைப் பருத்திக் காட்டில் விரியன் கடித்தபோது வேப்பங்கொழுந்தை வாயில் திணித்து, கசக்குதா கசக்குதா என்று ஊரே சுற்றி நின்று கேட்டது. சித்தப்பா சாவகாசமாக மென்று, இல்லையே, நல்லாத்தான் இருக்கு என்றதும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். விஷம் ஏறினவனுக்கு வேம்பு கசக்காது, அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சானிடைசரில் தண்ணீர் இல்லை. அம்மா போட்டது நல்ல காப்பி. மூக்கு செத்தது இவளுக்கு, பழியைச் சுமந்தது ஊர் முழுக்க. காலையிலிருந்து ஒவ்வொருத்தராக அற்பம், திருடன், முட்டாள் என்று திட்டித் தள்ளிக்கொண்டே வந்தவளுக்குத் தன் முகத்துக்கு நடுவில் இருக்கிற மூக்கைப் பற்றி ஒரு சந்தேகம் வரவில்லை. முகத்தைக் கோணிக்கொண்டால் போதும், முடிந்தது. எல்லாரையும் போல ஒரு கோணல், ஒரு 'ஆ', பத்து எட்டு நடந்தால் லேப். மூணு மணி நேரம் யாரிடமும் பேசாமல் மூலையில் நின்று செய்துவிட்டு வந்துவிடலாம். மாஸ்க் போட்டிருக்கிறேனே. எத்தனை பேர் போகிறார்கள், நான் போனால் மட்டும் உலகம் அழிந்துவிடுமா. ஜெபக்கனி வாசலில் அடித்த தகரம் ஞாபகம் வந்தது, அதன் ஆணிச் சத்தம் இவள் கேட்டதே இல்லை, ஆனாலும் கேட்டது. "என்னம்மா, ஆ காட்டு" என்றார் ஞானதுரை சார். கோமதி வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, "கசக்கல சார்" என்று வந்துவிட்டது.

சார் பின்னால் தாவவில்லை. மைக்கை எடுக்கவில்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பாத்தியளா? பாத்தியளா? தினசரி குடிச்சா இப்படித்தான், உடம்பு பழகி எதிர்ப்பு சக்தி ஏறிட்டுது. எல்லாரும் இந்தப் பிள்ளையப் பாத்துக் கத்துக்கிடுங்க. பரமு, இவளுக்கு இன்னொரு டம்ளர் ஊத்து." வரிசை சிரித்தது. கோமதிக்கும் சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. பரமு அக்கா அதே டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள். இரண்டாவதையும் குடித்தாள், வெந்நீர்தான். கூடவே ஒரு இதமான எண்ணம் வெந்நீரைப் போலவே உள்ளே இறங்கியது. சொல்லியாச்சு. நான் சொல்லியாச்சு, கேட்காதது அவர் தப்பு. இனி என் மேல் பழி இல்லை. அவர் முட்டாளாக இல்லாமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன், நல்லவேளை முட்டாளாக இருக்கிறார். இதுவரை உலகத்தில் எதையெல்லாம் பார்த்து அருவருத்தாளோ அத்தனையும் சேர்ந்தால்கூட அந்த எண்ணத்தின் அழுக்குக்கு ஈடாகாது, அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் இதமாகத்தான் இருந்தது. டம்ளரைக் கொடுத்தாள். அது வாளியில் ஒரு முக்கு முங்கி எழுந்து, நிரம்பி, சுபாவின் கைக்குப் போனது. சுபா இரண்டு மாஸ்க்கையும் கீழே இழுத்தாள்.

கோமதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கஷாயம் இருவர் கையிலும் சிந்தியது. "குடிக்காதட்டி."

"ஏன்? ரொம்பக் கசக்கா?" சுபா சிரித்தாள்.

"கசக்கல. பாம்பு கடிச்சவனுக்குக் கசக்காதுல்லா, அப்படிக் கசக்கல. சானிடைசரும் மணக்கல. காலைல காப்பியும் மணக்கல." குரல் தணிந்து வந்தது, சுபாவுக்கு மட்டும் கேட்கிற அளவு. அதற்குமேல் உரக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சுபா கையை மெதுவாக உருவிக்கொண்டு டம்ளரைத் தரையில் வைத்தாள். மாஸ்க் இரண்டையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். கண் மட்டும் தெரியக் கோமதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கோமதி தாங்கியிருப்பாள், பதிலுக்கு நாலு வார்த்தை வைதுகூட இருப்பாள். சுபா கணக்குப் போடுகிறவள் மாதிரி பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"இன்னிக்குக் காலைலேருந்துதான்" என்றாள் கோமதி. அதை அவள் நம்பித்தான் சொன்னாள்.

"நேத்து மத்தியானம் எங்கம்மா குடுத்துவிட்ட புளிசாதத்துல உப்பே இல்லைன்னியே."

நேற்று இருவரும் லைப்ரரிப் படிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தின்றார்கள். ஒரே டப்பாவில் இரண்டு கை. உங்கம்மா உப்பு ஜாடியைத் தொலைச்சிட்டாளா என்று கேட்டுவிட்டு, குறை சொல்லிக்கொண்டே பாதிக்கு மேல் தின்றது கோமதிதான்.

"உப்பு சரியாத்தாம்ட்டி இருந்துச்சு" என்றாள் சுபா. "நீ சொன்னேன்னு நானும் ஆமான்னுட்டேன். அம்மாட்டயும் போய்ச் சொன்னேன். மருந்து ஏத்துனதுலேருந்து என் நாக்கு செத்துப்போச்சுல்லா, அதான் உப்பு தெரியலன்னு அவ அழுதா. அழுதவளக் கட்டிப் புடிச்சிட்டுத்தான் ராத்திரி தூங்குனேன்."

அவள் திரும்பி ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் எதிரில்தான் நிற்கும். பாதி தூரம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பஸ்ஸையும் பார்த்தாள், கேட்டையும் பார்த்தாள். அதற்குமேல் எந்தப் பக்கமும் அவளால் கால் எடுத்துவைக்க முடியவில்லை. "ஏ ரெட்டை மாஸ்க்கு, கஷாயம் குடிக்காம எங்கம்மா ஓடுத?" என்று ஞானதுரை சார் விசில் ஊதினார்.

கோமதி அவளை நோக்கி ஓடினாள். நாலு எட்டுகூட வைத்திருக்கமாட்டாள்.

"கிட்ட வராத" என்றாள் சுபா. "அங்கனயே நில்லு."

உள்ளே லேபில் மணி அடித்தது. "கோமதி, எக்ஸ்டர்னல் வந்தாச்சும்மா, நீதான் எல்லாம் முடிச்சிட்டியே, உள்ள போ" என்று சார் அவளுக்காக கேட்டை அகலத் திறந்துவிட்டார். கோமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.